தறிக்குழிக்குப் போன தாமரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் தை மாதம், வண்ணார்பேட்டை நமச்சிவாயம் பிள்ளை வீட்டுப் புறவாசல் குளத்திலிருந்த செந்தாமரைகள் கிழங்கோடு எழுந்து, தெருவில் இறங்கி, கொக்கிரகுளம் சாலை வழியாகத் தெற்கே போய்விட்டன. பட்டப்பகலில் போனதால் பார்க்காதவர்கள் குறைவு. முறுக்கு விற்கிறவள் கூடையை நகர்த்தி வழிவிட்டாள். வண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடித்தார்கள். மழை பெய்யாத நாளில் தெருவெல்லாம் சகதியாகிவிட்டதே என்றுதான் சிலருக்கு வருத்தம்.

நமச்சிவாயம் பிள்ளை கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார், குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். வேலை உயர்ந்த வருஷமே புறவாசல் வாழைகளை வெட்டிவிட்டு, குளம் தோண்டி, சுற்றிலும் கல் பாவி, கங்கைகொண்டான் பக்கமிருந்து தாமரைக் கிழங்கு கொண்டுவந்து வைத்தார். மேலதிகாரியான துரைக்குத் தோட்டம் என்றால் உயிர். பூ விட்டதும் துரையை அழைத்து, மாலை போட்டு, குளத்தருகே நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த நேரம் பார்த்து மேலப்பாளையத்து நெசவாளி காஜா முகைதீன், தன் கையால் நெய்த வேட்டியொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷம் சொல்ல வந்தார். சின்ன வயசில் இரண்டு பேரும் சேக்காளிகள், பள்ளிக்கூடம் போன நேரத்தைவிட ஆற்றில் கிடந்த நேரம்தான் அதிகம்.

“ஏலே நமச்சி! சிரஸ்தார் ஆயிட்டியாமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா லே?” என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டார் காஜா.

துரை சிரித்துக்கொண்டே, யார் அது என்று கேட்டார். “கூலி ஆளு. குளத்துல சகதி அள்ள வந்திருக்கான்” என்றார் நமச்சிவாயம் பிள்ளை. தமிழில்தான் சொன்னார். துரைக்குத் தமிழ் தெரியும். காஜாவுக்கும் தெரியும்.

காஜா வேட்டியைக் கல்மேல் வைத்துவிட்டு, பெருநாளைக்கு உடுத்துகிற வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டி, சுவரோரம் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். துரை காப்பி குடித்து, சுருட்டுப் பிடித்து முடிக்கிறவரை சகதி அள்ளினார். சேக்காளி சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று நினைத்தார் போல. நமச்சிவாயம் பிள்ளை துரையை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது, அவர் மனைவி உலகம்மாள் கையில் வேட்டியைக் கொடுத்துவிட்டு காஜா போயிருந்தார். மறுநாள் தாமரையும் போனது.

மண்ணில் கோளாறு, சுண்ணாம்புக்கல்லின் சூடு என்று நமச்சிவாயம் பிள்ளை காரணம் சொன்னார். தாமரை சுகவாசி, தாங்கிப் பிடிக்கிற செடியாகப் பார்க்க வேண்டும் என்று நயினார்குளத்து அல்லியைக் கொண்டுவந்து வைத்தார். அது சித்திரைக்கு முன்பே கிளம்பியது. கோடையில் குளம் வற்றிக் கட்டாந்தரையானாலும் கொட்டிக்கிழங்கு சாகாது என்று தோட்டக்காரன் பூதத்தான் சொன்னான். கொட்டியும் போனது. வெள்ளத்துக்கே அசையாத ஆற்றுக்கோரையைக் கட்டுக்கட்டாக நட்டார்கள். அது கூட்டமாகப் போனதில் தெருவில் கொஞ்ச நேரம் போக்குவரத்து நின்றது. மண்ணில் வேர் பிடிக்காமல் தண்ணீர்மேல் மிதக்கிற ஆகாயத்தாமரைக்கு எந்த மண்ணானால் என்ன என்று கடைசியாக அதையும் கொண்டுவந்தார். அது போனபோது துணைக்குத் தவளைகளும் போயின. கச்சேரியில் கேட்டவர்களிடம், செடிகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்ததாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆடி மாதம் காஜாவின் மனைவி ஆசியா உம்மாள் புறவாசல் வழியாக வந்து உலகம்மாளைக் கூப்பிட்டாள். “அக்கா, உங்க வீட்டுச் செடியெல்லாம் எங்க வீட்டுத் தறிக்குழிக்குள்ள வந்து கெடக்கு. முட்டளவு தண்ணி. காலத் தொங்கப்போட்டு மிதிக்க எடமில்ல, தறி நின்னு போச்சு. பிடுங்கிப் போடுங்கன்னா இவரு கேக்க மாட்டேங்காரு. அடுத்தவங்க சாமானு, தேடி வருவாங்கங்காரு.”

நமச்சிவாயம் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். அன்றைக்கே போயிருக்கலாம். போகவில்லை. போனால், செடி ஏன் அங்கே வந்தது என்று நெசவுத்தெரு முழுவதும் கேட்குமே என்று பயந்தார். ஆவணியும் போனது. ஒரு நாள் காலையில் உலகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நான் போயி அவங்க கால்ல விழுந்துட்டு வாரேன். நீங்க இங்கன இருந்து செடி பாருங்க” என்றாள். அதன்பிறகுதான் அவர் செருப்பை மாட்டினார்.

மேலப்பாளையத்தில் காஜா வாசலுக்கு வந்து, “வாங்க, உக்காருங்க” என்றார். அந்த ‘வாங்க’வில் சிரஸ்தாருக்கு முகம் எரிந்தது. உள்ளே தறிக்குழி நிரம்பியிருந்தது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களுக்கு இடையே தாமரை தண்டை நீட்டிப் பூத்திருந்தது. நூல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. இலைகளில் தூசி படாமல் யாரோ தினமும் துடைத்து வைத்திருந்தார்கள்.

நமச்சிவாயம் பிள்ளை குழியில் இறங்கி இழுத்துப் பார்த்தார். அவர் குளத்தில் ஒரு மாதம் தங்காத கோரை இங்கே இரும்பாக நின்றது. இழுக்க இழுக்க அவர்தான் வழுக்கி விழுந்தார்.

“காஜா, அன்னைக்கு நான் சொன்னது...”

“விடுங்க. துரை முன்னால வேற என்ன சொல்ல முடியும்?”

“சேக்காளின்னு சொல்லியிருக்கலாம்.”

காஜா பிரிந்து கிடந்த நூலை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பைய, “சொல்லியிருக்கலாம்” என்றார்.

செடி வராது என்று தெரிந்தபின், பக்கத்து அறையில் புதுக் குழி தோண்டுவதாக நமச்சிவாயம் பிள்ளை சொன்னார். ஆள் வைக்காமல் கச்சேரிக்கு லீவு போட்டுத் தானே தோண்டினார். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சிரஸ்தார் ஏன் குழி வெட்டுகிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம், குளத்தருகே தான் சொன்ன வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் காஜா எழுந்து வெளியே போய்விடுவார். குழி ஒரு பக்கம் கோணலாக வந்தது. ஆசியா உம்மாள் அதைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தாள். காஜா கோணலைச் சரிசெய்து தறியை இறக்கினார். ஐப்பசியில் தறிச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நமச்சிவாயம் பிள்ளை அந்த வீட்டுக்கு அடிக்கடி போய்வந்தார். பின்னால் வந்த உலக யுத்தத்தில் நூல் கிடைக்காதபோதும் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் போனார். காஜா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ‘வாங்க’ என்றார், ‘போயிட்டு வாங்க’ என்றார். ‘லே’ என்ற எழுத்து மட்டும் அவர் வாயிலிருந்து பிறகு வரவே இல்லை. அதைக் கேட்டு வாங்க முடியாது என்று நமச்சிவாயம் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

வண்ணார்பேட்டைக் குளத்தில் அவர் அப்புறம் எதையும் நடவில்லை. ஆனாலும் கார்த்திகை மழையில் கொக்குக் காலோடு வந்த விதையில் ஏதாவது முளைக்கும். இரண்டு இலை விடும், சில சமயம் மொட்டுகூட வைக்கும், பிறகு கிளம்பும். கதவில் உரசி இலை கிழியக் கூடாதென்று, மழைக்காலம் முழுவதும் அவர் புறவாசலைத் திறந்தே வைத்திருந்தார்.