பின் சீட்டு இல்லாத கார்

மகன் கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியதும் அன்னக்கொடி முதலில் தேடியது பின்பக்கக் கதவை. இந்தப் பக்கம் இல்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், அங்கேயும் இல்லை. சரி, பெரிய இடத்துக் கார், முன்கதவு வழியாகத்தான் பின்னால் போவார்கள் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தாள். இரண்டு சீட்டு இருந்தது. அதற்குப் பின்னால் வெறும் தரை.

கொட்டாம்பட்டிக்குத் தெற்கே நாலு வழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில், அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. பச்சைக்கிளி நிறத்தில் தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்த காரைச் சுற்றி ஊரே நின்றது. அதன் முதுகில் ஆளுயர அகலத்துக்கு ஒரு பலகை எழும்பி நின்றது. "வத்தல் காயப்போட வாகா இருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி. மகன் பீமாராவ் சிரித்தான். அன்னக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

பீமாராவ் சென்னையில் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து நடத்திய கம்பெனியை யாரோ பெரிய கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கையில் பணம் வந்ததும் வீடு கட்டவில்லை, நகை வாங்கவில்லை. பள்ளிக்கூடத்து நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தானே ஒரு கார், அதைப் போய் வாங்கி வந்துவிட்டான். போர்ஷே 911.

"ம்மா, இது அறுவது வருசமா வர்ற காரு. உருவம் பெருசா மாறவே இல்ல. சாதாரணமா ஓட்டுறதுக்கு கரேரான்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல டர்போ. ஜிடி3ன்னா ரேஸ் ஓட்டுறவன் கேக்குற மாதிரி செஞ்சது. நம்மளுது ஜிடி3 ஆர்எஸ். அதுலயும் உச்சம்!"

"அந்தச் சாதாரணக் காருல பின் சீட்டு இருக்கா?"

"இருக்கு, சின்னதா."

"இதுல?"

"எடுத்துருவாங்கம்மா. வெயிட்டைக் கொறைக்கணும்ல. அப்பத்தான் வேகம்."

"சீட்டை எடுத்துட்டான்னா விலையையும் கொறச்சிருப்பான்ல?"

பீமாராவ் தொண்டையைச் செருமினான். "இல்லம்மா. கூட."

மீதியை அன்னக்கொடி தானே பார்த்துக்கொண்டாள். கதவின் உள்பக்கம் கைப்பிடி இல்லை, ஒரு துணி நாடா தொங்கியது. பின்னால் திறந்தால் என்ஜின். முன்னால் திறந்தால் அங்கே ரேடியேட்டர். ஒரு தேங்காய்ப் பை வைக்க இடமில்லை. நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் அடுத்தவன் வயலில் குனிந்து, பிறகு சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கி நிமிர்ந்தவள் அவள். சந்தையில் ஒரு கத்திரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. அவள் பெற்ற பிள்ளை, அதுவும் இம்புட்டுப் படித்த பிள்ளை, பாதி காரைக் கொடுத்து முழுக் காசு வாங்கியவனிடம் ஏமாந்து வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது!

ஆனால் அவளுடைய பெரிய கவலை அதுவல்ல. அந்த ஊரில் யார் புது வண்டி எடுத்தாலும் முதல் சவாரி மதுரைப் பாண்டி முனி கோயிலுக்கு. எடுத்தவனின் அம்மா கட்டாயம் கூடப் போக வேண்டும், பின் சீட்டில், இடதுபக்கம், ஜன்னலோரம். டிராக்டர் எடுத்தவன்கூட அம்மாவை டிரெய்லரில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கூட்டிப்போனான். முன் சீட்டு ஆம்பளைக்கு, கல்யாணமானால் பெண்டாட்டிக்கு. அம்மாவுக்குப் பின் சீட்டு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. அன்னக்கொடி இருபது வருடமாக எத்தனையோ அம்மாக்கள் கையசைத்துக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். தன் முறை வரும்போது எந்தச் சேலை கட்டுவது என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை கோயில். திருப்பரங்குன்றத்துப் பெண் இசைவாணியும் கூட வருகிறாள். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கார் ஓட்ட பீமாராவ், பக்கத்தில் இசைவாணி. ஆக, சீட்டு தீர்ந்துபோயிற்று. நான் எங்கேடா உட்காருவேன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று இருந்தாள். அவனோ டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை பீமாராவ் ஏதோ கையெழுத்து வேலை என்று சென்னைக்கு ரயிலேறினான். வெள்ளிக்கிழமை காலையில் மதுரையில் இறங்கி, இசைவாணியையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் வந்துவிடுவதாகச் சொன்னான். "காரை வெயில்ல விட்டுராதம்மா" என்று சாவியையும் கொடுத்தான். வெயிலில் விடக் கூடாது, அவ்வளவுதானே? சீட்டு வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே! அவன் தலை மறைந்ததும் அன்னக்கொடி போனை எடுத்தாள்.

வில்லாபுரத்தில் குஷன் கடை வைத்திருக்கும் உக்கிரபாண்டி வியாழக்கிழமை காலையில் லோடு ஆட்டோவில் ஸ்பாஞ்சும் பிளைவுட்டும் ரெக்ஸினுமாக வந்து இறங்கினார். தென்மாவட்டத்தில் பாதி கல்யாணக் கார்கள் அவர் கை பட்டவை. காரைச் சுற்றி வந்தார். உள்ளே தலையை விட்டார். வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் துக்கம் இருந்தது.

"யாருக்கா இப்புடிப் பண்ணுனது?"

"கம்பெனிக்காரனேதான் தம்பி."

"அடப்பாவி! கதவுல கைப்பிடிக்குப் பதிலா நாடாவ மாட்டிவிட்டிருக்கான். நீங்க கவலப்படாதீக்கா. ஒரு ஆணி அடிக்க மாட்டேன், ஒரு ஓட்டை போட மாட்டேன். சாயந்தரத்துக்குள்ள முழுக் காரா நிக்கும்."

சொன்ன சொல் தவறவில்லை. சாயங்காலம் காருக்குள் மெரூன் நிறத்தில், தங்கக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் கை வைக்கத் திண்டோடு ஒரு சோபா உட்கார்ந்திருந்தது. மூன்று துண்டாக உள்ளே விட்டு, கொக்கி மாட்டி இணைத்திருந்தார். தரைக்குப் பூப்போட்ட மேட். நாடாவுக்கும் மெரூனில் ஒரு உறை. முதுகுப் பலகையில் எலுமிச்சையும் மிளகாயும். "பத்து வருசத்துக்கு நான் கேரண்டிக்கா" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். பாண்டீஸ்வரி வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் இது காரு என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அன்னக்கொடி அரக்குப் பட்டைக் கட்டினாள், பூ வைத்தாள். அவன் வந்து இறங்கும்போது நாம் பின் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் வாயைப் பிளக்க வேண்டும் என்பது திட்டம். கதவைத் திறந்தாள். முன் சீட்டை மடக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை. தள்ளினாள், குத்தினாள், கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஒரே ஓடாக வார்த்த அந்தச் சீட்டு எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. உக்கிரபாண்டி சீட்டைத்தான் செய்தார். அதில் ஆள் எப்படிப் போய் உட்காருவது என்று அவரும் யோசிக்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை.

அதற்காக விட்டுவிட முடியுமா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை விட்டு, முழங்கையால் ஊன்றி, கால் வானத்தைப் பார்க்க ஒரு புரட்டு புரண்டாள். தொப்பென்று சோபாவில் விழுந்தாள். ஸ்பாஞ்சு நல்ல ஸ்பாஞ்சு. கூரைதான் தாழ்வு, கழுத்தை மடக்கி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் உட்காரலாம். ஜன்னலோரமாக நகர்ந்தாள். கையசைத்தும் பார்த்தாள். மனசு நிறைந்துபோயிற்று. ஐந்து நிமிடத்தில் கால் மரத்தது. வெளியே வரலாம் என்று எழுந்தபோது எழ முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாடகைக் கார் வந்து நின்றது.

பீமாராவ் இறங்கினான். முதலில் எலுமிச்சையைப் பார்த்தான். பிறகு கண்ணாடி வழியாக மெரூன் நிறத்தைப் பார்த்தான். பிறகு அந்த மெரூனுக்கு நடுவே மல்லிகைப் பூவோடு ஒரு தலையைப் பார்த்தான்.

"ம்மா?"

"வாப்பா. சொகமா வந்தியா?" என்றாள் அன்னக்கொடி உள்ளேயிருந்து, மானத்தை விடாமல். "வாத்தா இசைவாணி."

இசைவாணி கையில் இருந்த பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் ஆகப்போகிறவள் முன்னால் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது, ஆனால் சிரிப்பு கேட்கவில்லை. பிறகு அவள்தான் முன் சீட்டில் மண்டியிட்டு, அன்னக்கொடியின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து, "அத்தை, மூச்சைப் பிடிங்க, ஒண்ணு, ரெண்டு" என்று வெளியே இழுத்துப் போட்டாள். பெண் கெட்டிக்காரி. கோயம்புத்தூரில் புது வண்டிகளை ட்ராக்கில் ஓட்டிப் பார்த்து, குறை சொல்கிற வேலை அவளுக்கு.

பீமாராவ் அம்மாவிடமிருந்து சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சோபாவைக் கொக்கி கொக்கியாகக் கழற்றி வெளியே எடுத்தான். ஒவ்வொரு துண்டையும் தூக்கும்போது முனகினான். "நாப்பது கிலோ இருக்கும்மா! கதவுக் கைப்பிடியைக்கூட எடுத்துட்டு நாடா போட்டது எதுக்கு? கிராம் கிராமா கொறச்சு வச்சிருக்கான் மனுசன். நீ ஒரே நாள்ல…"

"நான் அம்பத்தெட்டு கிலோடா" என்றாள் அன்னக்கொடி.

அவன் திரும்பினான்.

"ஆசுபத்திரியில நிறுத்துப் பாத்தேன். அம்பத்தெட்டு. அதையும் எறக்கிவிட்டுட்டுத்தானே ஒனக்கு வேகம்? எறக்கிவிட்டுட்டுப் போ. ஊருல அம்புட்டுப் பேரும் ஆத்தாளக் கூட்டிட்டுப் போனாங்க, நீ எலுமிச்சம்பழத்தக் கூட்டிட்டுப் போ."

பீமாராவின் முகத்தில் ரத்தம் செத்துவிட்டது. "ம்மா, ஒனக்குத்தாம்மா அந்த முன் சீட்டு. இதைச் சொல்லணுமான்னு இருந்துட்டேன். பின்னால ஒக்காருவன்னு நான் நெனைக்கவே இல்ல."

"முன் சீட்டா? நானா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அப்ப அந்தப் புள்ள?"

எல்லாரும் இசைவாணியைப் பார்த்தார்கள். அவள் பீமாராவின் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்கு?"

"வெயிட்டைக் கொறைக்கணும்னுதானே சொன்னீங்க? அத்தை அம்பத்தெட்டு. நான் அம்பத்தஞ்சு. நீங்க எம்பது."

"எம்பத்தஞ்சு" என்றாள் பாண்டீஸ்வரி, கூட்டத்திலிருந்து. "அன்னைக்கு ரேசன் கடைத் தராசுல பசங்க அவனத்தானே ஏத்துனாங்க?"

"அது போன வாரம்" என்றான் பீமாராவ் பரிதாபமாக.

எம்பத்தஞ்சு கிலோவை இறக்கிவிட்டு கார் கிளம்பியது. ஊருக்குள் இருக்கும் நாலு வேகத்தடையிலும் இசைவாணி ஒரு பட்டனை அழுத்த, கார் பட்டுச்சேலையைக் கொசுவத்தோடு தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டுகிற பெண்ணைப் போல முன்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. அன்னக்கொடி மடியில் தேங்காய்ப் பையை வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் இருந்து பார்த்தால் ரோடு இம்புட்டுப் பெரிசா? இதுநாள் வரைக்கும் அவள் பார்த்ததெல்லாம் டிரைவரின் பிடரியைத்தான்.

நாலு வழிச் சாலை வந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை. இசைவாணி ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தாள், ஒரு தடவை அத்தையைப் பார்த்தாள்.

"பிடிச்சுக்கங்க அத்தை."

எதைப் பிடிப்பது? நாடாதான் இருந்தது. அதைப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ விழித்துக்கொண்டது. உறுமல் சீற்றமாகி, சீற்றம் ஊளையாகி, இன்னும் மேலே ஏறாது என்று நினைத்த இடத்தையும் தாண்டி ஏறியது. என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் ஒன்பதாயிரத்தைத் தொட்டது. அன்னக்கொடியின் வயிறு கொட்டாம்பட்டியிலேயே நின்றுவிட, மற்ற பாகமெல்லாம் மேலூரைப் பார்த்துப் பறந்தது. அவள் கத்தினாள். "ஏ ஆத்தீ!" என்றாள். "பாண்டி முனீ!" என்றாள். பிறகு வார்த்தை தீர்ந்துபோய் வெறும் சத்தம் வந்தது. இசைவாணி பயந்துபோய்க் காலை எடுத்தாள்.

"அத்தை, என்னாச்சு? நிறுத்தவா?"

அன்னக்கொடிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கிணற்றுமேட்டில் இருந்து குதிக்கும்போது வந்த சிரிப்பு, அதற்குப் பிறகு அவளுக்கு வந்ததே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"ஏன்டி நிறுத்துன? இன்னொருக்கா!"

இன்னொருக்கா ஆயிற்று. அதற்குப் பிறகும் இன்னொருக்கா ஆயிற்று. மேலூருக்கு முன்னால் திரும்பி, அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஊர் விலக்குக்கு வந்தார்கள். அங்கே பஸ் நிற்கிற இடத்தில், புளியமரத்தடியில், மெரூன் சோபா போட்டிருந்தது. நடுவில் பீமாராவ். இரண்டு பக்கமும் பாண்டீஸ்வரியும் அவள் வீட்டுக்காரரும், கை வைக்கிற திண்டில் கையை வைத்துக்கொண்டு. பீமாராவ் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினான்.

இசைவாணி வேகத்தைக் குறைத்தாள். "அத்தை, கோயிலுக்கு நாம மூணு பேரும் போகணுமே. அவரை எங்க ஏத்துறது?"

அன்னக்கொடி பழக்கதோஷத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தாள். வெறும் தரை. மடியில் இருந்த தேங்காய்ப் பையைத் தூக்கி அங்கே வைத்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு ஜன்னலை இறக்கி, இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தபடியே மகனுக்குக் கையசைத்தாள்.

"பாண்டி கோயிலுக்குப் பஸ்சு இருக்குத்தா" என்றாள். "அவன் வரட்டும். நீ போ."