பழுது பிடிபட்ட பின்னேரம்

என் மகன் லோஜன் கனடாவிலிருந்து போன் எடுத்தால் பேச்சு மூன்று கேள்வியில் முடிந்துவிடும். சாப்பிட்டதா, மழை பெய்ததா, மருந்து குடித்ததா. பிறகு திரையில் ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்போம். அவனுடைய தாய் குணலட்சுமி மோசம் போய்க் கண்ணை மூடிய பிறகு, உடுப்பிட்டி வீட்டில் சத்தம் போட நானும் காகங்களும்தான்.

அன்றைக்கு, அவன் விட்டுவிட்டுப் போன கிற்றார் அம்பிளிபயர் கரகரக்கிறது என்று சொன்னேன். பழைய வால்வுப் பெட்டி, உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் எரிகிற வகை. சும்மா கிடந்தால் பழுதாகும் என்று அவன் சொன்னதால் இடைக்கிடை போட்டுவிடுவேன். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. இன்றைக்கு இவன் கெதியில், மூன்று கேள்வியோடு, போனை வைக்கமாட்டான்.

கிற்றார் வயரைக் கழற்றச் சொன்னான். கழற்றியும் கரகரத்தது. சத்தத்தை அடியோடு குறைக்கச் சொன்னான். அப்போதும் கரகரத்தது. அப்படியென்றால் காய்ந்த மரத்தடியால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிப் பார்க்கட்டாம். அகப்பைக் காம்பால் தட்டினேன். முதலாவது பேசாமல் இருந்தது. அடுத்ததில் தட்டியதும் தாச்சியில் கடுகு போட்டதுபோல் வெடித்தது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கும்வரை தொடவே கூடாது என்றான். காத்திருந்தோம். பனிக்குள் நடந்து வேலைக்குப் போவது, பக்கத்து அறைக்காரனின் குறட்டை என்று என்னென்னவோ கதைத்தான். லொத்தர்ச் சீட்டு விழுந்தவன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த வால்வை இழுத்தெடுத்தேன். அது பூட்டுகிற ஓட்டைகளுக்குள் காய்ந்த சந்தனம். சரஸ்வதி பூசைக்கு இதற்குப் பொட்டு வைப்பது குணலட்சுமிதான். இந்த முறை நான் வைத்தேன், கண்ணாடிக் குமிழ்கள் எல்லாவற்றுக்கும், வழிந்து உள்ளே இறங்கும்படி தாராளமாக. அதை அவனிடம் சொன்னேன்.

"அம்மா பெட்டிக்கு வெளியிலைதான் வைக்கிறவ அப்பா," என்றான் லோஜன்.

எனக்கு எப்படித் தெரியும்? மணி அடிக்கும்போதுதான் தோட்டத்தால் வந்து கும்பிடுவேன்.

பல் பிரஷால் தேய்த்துத் துடைத்துப் பூட்டினேன். பாழாய்ப்போன பெட்டி, போட்டதும் ஒரு கரகரப்புக்கூட இல்லை.

லோஜன் போனை வைக்கவில்லை.

"வேறை ஏதும் பழுதாக் கிடக்கோ அப்பா?"

அவன் கேட்ட விதம் பழுதைப் பற்றிக் கேட்டதுபோல் இல்லை. தண்ணீர் மோட்டர் இருந்தது, ரேடியோ இருந்தது, பொய்யாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்ற வீம்பு பிடித்த வாய் முந்திவிட்டது.

"ஒண்டுமில்லையடா. எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

"அப்ப சரி அப்பா. வைக்கிறன்."