கை வெளியே

விடிவதற்கு முன்பே எங்கள் சலவைக்கூடத்தில் உச்சிவெயில் ஏறிவிடும். கொதிகலன் மூச்சுவிடத் தொடங்கியதும் ஆவி கூரைவரை போய் முட்டி, சொட்டுச் சொட்டாக எங்கள் கழுத்திலேயே திரும்ப விழும். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் விடுதி விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றை அவிழ்த்துக் கறை பார்த்துப் பிரிப்பது என் வேலை. அதனால் என் பெயரே கறைக்காரி என்றாகிவிட்டது. ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர், எண்ணெய்க்கு வெந்நீரும் சோப்பும். சில கறைக்கு எதுவும் கிடையாது.

துவைத்துப் பிழிந்த விரிப்பை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்து, கொதிக்கும் உருளையின் வாய்க்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது தேய்த்த துணியாக வரும். முன்பு உருளைக்கு முன்னால் ஒரு காவல் கம்பி இருந்தது. அதில் விரல் பட்டால் உருளை நின்றுவிடும். வேலை தடைப்படுகிறது என்று முதலாளி அதைக் கழற்றிப்போட்டார். கம்பி போன பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. துணி சுருண்டு சிக்கினால் உருளையை நிறுத்துவோம். ஒருத்தி கையை விட்டு இழுப்பாள், மற்றவள் பொத்தானருகே நிற்பாள். ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பொத்தான்காரி "கை?" என்று கேட்பாள். உள்ளே விட்டவள் "வெளியே" என்பாள். அதன் பிறகுதான் பொத்தான். கம்பி செய்த வேலையை எங்கள் வாய் செய்தது, அதுவும் சும்மா.

அந்த உருளையில் ஜோடியாக நின்றவர்கள் அண்ணியும் அவளுடைய நாத்தனாரும். நாத்தனார் வார்த்தைக்கு வார்த்தை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் அவள் எங்கள் எல்லாருக்குமே அண்ணியாகிவிட்டாள். நாத்தனாருக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி. வந்து நின்றதும் வாயைப் பிளப்பாள். "ஏண்டி, உருளையையும் சேர்த்து முழுங்கிடாதே" என்று கேலி பேசுவோம். அவளும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அடுத்த கொட்டாவி வந்துவிடும். இவளுக்கு ஏன் இவ்வளவு தூக்கம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டால் நம் கதையையும் அவிழ்க்க வேண்டிவரும் என்ற பயம்தான்.

ஒருநாள் போர்வை சிக்கியது. அண்ணி "கை?" என்றாள். "வெளியே" என்றாள் கொட்டாவி. வாய் சொல்லிவிட்டது, கை உள்ளேயே இருந்தது. அண்ணி பொத்தானை அமுக்கினாள்.

தூக்கிக்கொண்டு போனது எங்களுக்குத் துணி அனுப்பும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அவள் பிழைக்கவில்லை. அவள் கிடந்த விரிப்பும் இங்கேதான் வந்திருக்க வேண்டும். எது என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் வந்த ஒவ்வொரு விரிப்பையும் பச்சைத்தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டு அழுதேன்.

"ஓடுற உருளைல கையை விட்டுட்டா, கவனம் பத்தலை" என்று முதலாளி கொட்டாவியின் அண்ணனிடம் சொல்லிவிட்டார். அந்த அண்ணன்தான் அண்ணியின் புருஷன். பொத்தானை அமுக்கியது தன் பெண்டாட்டி என்று அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. கொட்டாவியின் புருஷன் முன்பே போய்ச் சேர்ந்தவன். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அதற்குள் அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "அத்தை, அத்தை" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

பிறகுதான் அந்தக் குரல் ஆரம்பித்தது. அண்ணி "கை?" என்று கேட்டால், புதிதாக வந்த துணைக்காரி வாயைத் திறக்குமுன் "வெளியே" என்று ஒரு பதில் வரும். தூக்கக் கலக்கத்தில் இழுத்து இழுத்துச் சொல்லும் குரல். முதலில் அண்ணிக்கு மட்டும் கேட்டது. அப்புறம் மடிப்பு மேசைக்காரிக்கு. அப்புறம் எனக்கும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் முதலாளியிடம் இத்தனை வருஷம் வேலை செய்தவளுக்குப் பேய் எம்மாத்திரம்? ஆனாலும் கேட்டது. அண்ணி பொத்தானை அமுக்காமல் ஆவிக்குள் நடந்துபோய், துணைக்காரியின் இரண்டு கைகளையும் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

இப்படி இருக்கும்போதுதான் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்க ஒரு குழுவை அமைத்தார்கள். எங்கள் ஊர் நகரமன்றத்துக்கும் அது வருவதாகச் செய்தி வந்த அன்று, முதலாளி உருளையை நிறுத்தச் சொல்லி எங்களைக் கூட்டினார்.

"உங்களுக்குக் கூலி ஏறினா எனக்கு மட்டும் கசக்குமா? ஆனா சட்டம் வந்தா பாதிப் பேரை நிறுத்தணும். யாரை நிறுத்தட்டும்? நீங்களே சொல்லுங்க."

"முதல்ல உங்க ரெண்டாவது காரை நிறுத்துங்க முதலாளி" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இருக்கிற கூலி போதும்னு சொல்றவங்க வரட்டும், வேன் அனுப்பறேன்."

கூட்டம் கலைந்ததும் அண்ணியை மூட்டைகள் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். மூட்டைக்குப் பின்னால் நான் இருந்தது அவருக்குத் தெரியாது.

"நீ அங்க ஏதோ பேசப்போறியாமே? தாராளமா பேசும்மா. உன் வீட்டுக்காரரும் வருவார் இல்லையா? பொத்தானை அமுக்கினது யாருன்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

அவர் போனபின் நான் எழுந்து வந்தேன். அண்ணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். "அவ ஏன் தூங்கினா தெரியுமாக்கா? ராத்திரி பூரா பஸ் கழுவிட்டு நேரா இங்க வருவா. ஒரு கூலில மூணு வயிறு நிறையலை. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி, மனசு உடைஞ்சுடுவார்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா."

"நீ சொல்லிட்டா உன் வீடு என்ன ஆகும்?"

"சொல்லலைன்னா அவ குரல் நிக்காதுக்கா."

நகரமன்றத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றோம். எங்கள் முதலாளி முதல் ஆளாகப் பேசினார். "எங்க கூடம் ஒரு குடும்பம் மாதிரி. இப்ப குடுக்கிறதுலயே அவங்க திருப்தியா இருக்காங்க." வேனில் வந்த நாலு பேர் தலையாட்டினார்கள். குழுவின் தலைவி, தொழிலாளர்கள் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். கடைசி வரிசையில் கொட்டாவியின் அண்ணன் அவளுடைய பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்காரவைத்திருந்தார். அண்ணி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து மைக்கைப் பிடித்தாள்.

"என் நாத்தனாரை நாங்க கொட்டாவின்னு கூப்பிடுவோம்."

"மசோதாவைப் பத்திப் பேசுங்கம்மா" என்றார் தலைவி.

"அதைத்தாங்க பேசறேன். அவ உருளைல சிக்கிச் செத்தா. பொத்தானை அமுக்கினது நான்."

அண்ணி நிறுத்தவில்லை.

"கைன்னு கேட்டேன். வெளியேன்னா. தூங்கிட்டே சொன்னா. ராத்திரி ஒரு வேலை, பகல்ல ஒரு வேலை. ஒரு வேலைக்கு ஒழுங்கான கூலி இருந்தா அவ ராத்திரி வீட்டுல தூங்கியிருப்பா, உருளைகிட்ட தூங்கியிருக்க மாட்டா. நான் அமுக்கினது நிஜம். ஆனா அவளைத் தூங்கவிடாதது நான் இல்லை."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். மைக்கை விடவில்லை.

முதலாளி எழுந்தார். "அவளே ஒத்துக்கிட்டா, பார்த்தீங்களா? இதுல கூலி எங்க வந்தது?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் சாயங்காலம் மூணு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன்" என்றேன். என்னருகில் இருந்தவளே என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவளிடம் நான் சொன்னதில்லை.

மடிப்பு மேசைக்காரி எழுந்தாள். "நான் ராத்திரி சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன். ஊசி எத்தனை தடவை விரல்ல ஏறியிருக்குன்னு கேளுங்க." வேனில் வந்தவர்களிலிருந்தும் ஒருத்தி எழுந்தாள். கடைசியாகக் கொதிகலன்காரர் தொண்டையைச் செருமினார். "நான் ராத்திரி காவல்காரன், பகல்ல கொதிகலன். நான் கண்ணசந்தா கூடமே இருக்காது, முதலாளியையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்தொடரில்தான், தன்னால் எந்த வாக்குறுதியும் தர முடியாது என்று தலைவி உள்ளதைச் சொன்னார். நாங்கள் வேனில் ஏறவில்லை. அண்ணியை நடுவில் விட்டுக்கொண்டு வீடு வரை நடந்தோம்.

மறுநாள் விடியலில் அவள் வருவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பேசினாரா?"

"ஒரு வார்த்தை பேசலைக்கா." துண்டைத் தலையில் கட்டினாள். "ஆனா கதவைத் தாழ் போடாம வச்சிருந்தார்."

வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு விரிப்பு சிக்கியது. துணைக்காரி கையை விட்டு இழுத்தாள். அண்ணி பொத்தானருகே போய், "கை?" என்று கேட்டாள். "வெளியே" என்றாள் துணைக்காரி. மடிப்பு மேசையிலிருந்து இன்னொரு "வெளியே" வந்தது. தொட்டியருகிலிருந்து நானும் சொன்னேன். கொதிகலன் பக்கமிருந்து ஓர் ஆண்குரல். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆவிக்குள்ளிருந்து கூடம் முழுக்க ஒவ்வொருவராகச் சொன்னோம்.

முதலாளி அறையிலிருந்து வந்தார். "என்ன கச்சேரி இது? பொத்தானை அமுக்கும்மா!"

"இருங்க முதலாளி" என்றாள் அண்ணி. "இன்னும் ஒருத்தி சொல்லலை."

கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வேனிலேயே திரும்பிப் போனவர்களில் ஒருத்தியும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு வந்து நின்றாள். காத்திருந்தோம். பிறகு அந்தப் பதில் வந்தது, தூக்கக் கலக்கத்தில், இழுத்து இழுத்து.

அவருக்கும் கேட்டதோ என்னவோ, கால்சட்டைப் பைக்குள் இருந்த இரண்டு கைகளையும் முதலாளி வெளியே எடுத்தார்.

அண்ணி பொத்தானை அமுக்கினாள்.