அண்ணனுக்கு ஓர் இடம்

மும்பையைச் சுற்றிப் பார்க்க சாத்தாராவிலிருந்து வந்த தத்தாஜிராவ் நிம்பாள்கருக்கு மூன்றாம் நாளே ஊர் கசந்துவிட்டது. மனைவி யமுனாவின் வாயில் எப்போதும் தாதரில் குடியிருக்கும் அவருடைய தம்பி சுதாகரின் பேச்சுதான். சுதாகர் சாலையைக் கடக்க வைத்த அழகு, சுதாகர் வாங்கித் தந்த பேல்பூரி. குடும்பத்துக்கு மூத்தவர் அவர். இங்கே தம்பி அவரைக் கைபிடித்து நடத்துகிறான்.

ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலில் மூவருக்கும் இடம் கிடைத்தது. எதிரே நின்ற இளைஞன், "எங்க எறங்குறீங்க பெரியவரே?" என்றான்.

"நிம்பாள்கர் வீட்டு ஆள் எங்க போறான்னு ஒனக்கு எதுக்குப்பா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "நீங்க எறங்கினதும் அந்த எடத்துல உக்காரலாம்னு கேக்கறார் அண்ணா. இங்க எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க" என்றான் சுதாகர். யமுனாவும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அதுதான் அவரைச் சுட்டது.

"இப்பவே உக்காரு. நான் நின்னே வர்றேன்" என்று எழுந்துகொண்டார். இளைஞனும் தயங்காமல் உட்கார்ந்துவிட்டான்.

உடனே சுதாகர் எழுந்தான். "நீங்க நிக்க நான் உக்காரவா? உக்காருங்கண்ணா."

நாலு பேர் பார்க்கக் கிடைத்த மரியாதை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மனம் குளிர்ந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பிள்ளை" என்றாள் யமுனா.

"மரியாதைய அவனா கண்டுபிடிச்சான்? நான் வளத்தது" என்றார் அவர்.

அதற்குள் அவள், சுதாகர் கைகாட்டிய கடலைப் பார்க்கத் திரும்பியிருந்தாள்.