மாதாவின் கண்ணிறம்

படம் முடிந்த மாதிரிதான். இளஞ்சிவப்பு மேகங்கள், அவற்றைத் தோளால் முட்டித் தள்ளும், சிறகு முளைத்த குண்டுக் கன்னத்துச் சம்மனசுகள், காற்றில் பறக்கும் முக்காடு எல்லாம் வந்துவிட்டன. விண்ணுக்கு எழும் மாதாவின் கண்களை மட்டும் ரோம்பவுட் மூடியே வரைந்திருந்தான்.

அது அவன் மனைவி டிம்ப்னாவின் முகம். பனிக்காலத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனபோது, சிற்பியான அவன் தன் தொழில் வழக்கப்படி முகத்தில் சாந்து பூசி அச்சு எடுத்துவைத்திருந்தான். அதைப் பார்த்துத்தான் வரைந்தான்.

பங்குச் சாமியார் வந்து பார்த்துச் சிரித்தார்.

"தூங்கிக்கிட்டேவா மோட்சத்துக்குப் போறாங்க? கண்ணைத் தொறந்து விடப்பா. திருநாளுக்கு நாலு நாள்தான் இருக்கு."

அவர் போனதும் தூரிகையை எடுத்தான். நீலமா, பழுப்பா, பச்சையா?

தெரியவில்லை.

பன்னிரண்டு வருடம் அவளை உட்காரவைத்து மரத்திலும் பளிங்கிலும் செதுக்கியவன் அவன். கல்லுக்குக் கண்ணிறம் வேண்டியதில்லை. உளியைத் தூக்கும்போதெல்லாம், "கண்ணை மூடிக்கோ, தூசி விழும்" என்பான். அவளும் மூடிக்கொள்வாள்.

மெக்கலன் நகரத்தின் மறுகோடியில் சரிகைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள் டிம்ப்னாவின் தங்கை கொதலீவ். வேறு யாரிடமும் இதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

"உங்க அக்கா கண்ணு என்ன நெறம்?"

அவள் விரல்கள் நின்றன. "வெளையாடுறீங்களா அத்தான்?"

"இல்ல."

"பன்னெண்டு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தீங்களே!" அவள் பின்னலை மடியில் போட்டாள். "அக்கா சொல்லுவா, 'என்னத் தடவித் தடவி அளக்குறாரு, ஒருநாளும் பாக்கல'ன்னு. சிற்பியக் கட்டிக்கிட்டா அப்படித்தான்க்கான்னு நான் கேலி பண்ணுவேன்."

"சொல்லு கொதலீவ். உன் கால்ல விழுறேன்."

"மாட்டேன். எனக்குன்னு அவ விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் சாயத்துல கொழச்சுப் பூசணுமா?"

திருநாளன்று படம் பீடத்துக்கு மேலே ஏறியது. ஊரிலிருந்த எல்லா மாதாக்களையும் போலக் கண்கள் நீலம். என்ன உயிரோட்டம் என்று ஜனங்கள் வாய் பிளந்தார்கள்.

ரோம்பவுட் படத்தைப் பார்க்கவில்லை. கொதலீவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நிறம் சரிதானா என்று காட்டிக்கொடுக்கும் ஒரு சிறு அசைவுக்காக. அவள் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு முழந்தாளிட்டாள்.

"மாதாவே," என்று முணுமுணுத்தாள், "எங்க அக்கா ஆத்துமாவுக்காக வேண்டிக்கோ."

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். மேகங்களின் நடுவே யாரோ ஒருத்தி, அவனை விட்டு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.