கழுத்துப்பட்டிக்குள் சிவப்பு நூல்

ரோமக் கோட்டையின் கிடங்குக்காரன் கெமெல்லுஸ், சிப்பாய்களுக்கு மெத்தைச் சட்டை தைக்கும் சாய்காவின் குடிசை வாசலில் மூட்டைகளை இறக்கியபோது அவன் முகத்தில் வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. பெரிய மூட்டை மூன்று, சின்னப் பை ஒன்று. பெரிய மூட்டைகளைக் கழுதை சுமக்கவே தேவையில்லை, காற்றே தள்ளிக்கொண்டு வந்திருக்கும். சாய்கா ஒன்றைப் பிரித்துக் கையை விட்டாள். தன்யூப் ஆற்றுச் சதுப்பில் வளரும் சம்பங்கோரையின் பஞ்சு, ஊதினால் பறந்தது.

"கம்பளி எங்க?"

"அந்தச் சின்னப் பையில இருக்குல்ல."

"இது ஒரு சட்டைக்குக் காணும். ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேரு. மீதி எங்கய்யா போச்சு? ஆடெல்லாம் இந்த வருசம் மொட்டையாவே பொறந்துச்சா?"

"வாய் நீளுது உனக்கு. தோளுக்கு ஆளுக்கொரு பிடி கம்பளி வை, மத்த இடத்துல பஞ்ச அடை. மேல தையல் போட்டுட்டா உள்ள என்ன இருக்குன்னு சாமிக்கே தெரியாது."

"மழை பெஞ்சா இது கூழாயிடும். அடி விழுந்தா யாரு தாங்குறது?"

"கவசம் தாங்கும்."

இருபது வருடம் கிடங்கில் உட்கார்ந்து கவசத்தை எண்ணியே பிழைத்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். போட்டுக்கொண்டு அடி வாங்கியவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். இரும்பு வளையம் கத்தியைத் தடுக்கும். ஆனால் ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் எதிரி தடியால் ஓங்கிப் போட்டால் அந்த அடி இரும்பைத் தாண்டி உள்ளே இறங்கும். அதை வாங்கிக்கொள்வது உள்ளே போடும் மெத்தைச் சட்டைதான். அது இல்லாவிட்டால் கவசம் முழுதாக இருக்கும், விலா எலும்பு நொறுங்கிக் கிடக்கும்.

"மேல போயி சொல்லட்டுமா?" என்றாள்.

கெமெல்லுஸ் சிரித்தான். "போயேன். யாருன்னு சொல்லிக்கிட்டுப் போவ? முகாத்ரா பொண்டாட்டின்னா? சிப்பாய்க்குப் பொண்டாட்டியே கிடையாதுன்னு ரோம்ல எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் இந்தக் குடிசை இந்த இடத்துல இருக்கலாமான்னு ஒரு கேள்வி வரும்."

சட்டம் அப்படித்தான் இருந்தது. பதினோரு வருடம் சோறு பொங்கிப் போட்டு, ஒரு பிள்ளையைப் பெற்று மண்ணுக்குக் கொடுத்த பின்னும், அவள் அவனுக்கு யாருமில்லை. சாய்கா வாயை மூடிக்கொண்டாள். மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டாள்.

ஆறு நாள் தைத்தாள். முதல் சட்டைக்குத் தோளில் ஒரு பிடி கம்பளி வைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்தாள். எட்டுப் பங்காகப் பிரித்தால் யாருக்கும் அரைகுறையாகத்தான் உதவும். ஒருவனுக்கே வைத்தால் ஒருவன் முழுதாகத் திரும்புவான். கணக்கு அவளுக்குச் சரியாகவே பட்டது. பையிலிருந்த கம்பளி முழுவதையும் ஒரே சட்டைக்குள் அடைத்து, நெருக்கமாகத் தையல் ஓட்டி, கழுத்துப்பட்டியின் உள்பக்கம் சிவப்பு நூலால் மூன்று தையல் போட்டாள். மற்ற ஏழிலும் பஞ்சு. வெளியிலிருந்து பார்க்க எட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

முகாத்ரா தினைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஏய்யா, நாளைக்குச் சட்டை குடுப்பாங்க. கழுத்துப்பட்டியத் திருப்பிப் பாரு. சிவப்பு நூல் இருக்கிறது உனக்கு."

"ஏன், அதுல என்ன தங்கமா வச்சிருக்க?"

"கம்பளி. மத்ததுல கோரப் பஞ்சு."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "மத்ததுலன்னா?"

"ஏழுலயும். எல்லாம் கெமெல்லுஸ் பண்ண வேலை. நான் என்ன செய்யட்டும்?"

"அவன் ஒண்ணுக்குத்தான் கம்பளி குடுத்தானா?"

அவள் திரும்பி அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். பதினோரு வருடம் கூட இருந்தவனுக்கு அதுவே பதிலாகத் தெரிந்துவிட்டது.

"மத்த ஏழு பேரு என்ன பண்ணுவாங்க புள்ள?"

"மத்த ஏழு பேருக்காக அழ அவங்கவங்க ஆளுங்க இருக்காங்க. எனக்கு நீ ஒருத்தன்தான்யா. போயி வெளிய சொன்னேன்னு வையி, எனக்குத்தான் முதல்ல முதுகுத் தோலு உரியும்."

முகாத்ரா மீதிக் கஞ்சியைக் குடிக்கவில்லை. எழுந்து கோட்டைக்குள் போய்விட்டான்.

புதுச் சாமான் எது வந்தாலும் கூடாரத்தில் சண்டை வராமலிருக்க ஒரு வழக்கம் உண்டு. தலைக்கவசத்துக்குள் எட்டுக் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவார்கள். ஒவ்வொரு கல்லிலும் கீறல் இருக்கும். ஒரு கீறல் வந்தவன் முதலில் எடுப்பான், எட்டுக் கீறல் வந்தவனுக்கு மிஞ்சியது. சாய்காவின் பயமெல்லாம் அந்தக் கல்லில்தான் இருந்தது. இரவெல்லாம் புரண்டாள். கல் கைவிட்டாலும் தோள் பிடிக்கிறது, அளவு சரியில்லை என்று ஏதாவது சொல்லி அவன் மாற்றிக்கொள்வான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

காலையில் மழை. சட்டை கொடுத்த கையோடு படை அக்கரைக்குப் போகக் கோட்டை வாசலை விட்டுக் கிளம்பும்போது பெண்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சாய்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்தாள். கவசத்தின் மேலாகத் தோளை அமுக்கிப் பார்த்தாள். ஈர இரும்புதான் கைக்குப் பட்டது.

"சிவப்புதானே?"

"சிவப்புதான் புள்ள. போ, நனையாதே."

அவளுக்கு உயிர் வந்தது. திரும்பி வரும் வழியில் பக்கத்துக் குடிசைக்காரி மூக்கைச் சிந்தி அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துச் சாய்காவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பைப் பின்னாளில் அவள் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் வண்டிகள் திரும்பின. அந்தக் கூடாரத்தில் எட்டுப் பேரில் நான்கு பேர் வந்தார்கள். முகாத்ரா வரவில்லை. விலாவில் தடியடி, இரண்டு நாள் இரத்தமாக இருமினான், அக்கரையிலேயே புதைத்துவிட்டோம் என்றார்கள். கெமெல்லுஸ் வண்டியில் வந்த முகாத்ராவின் கவசத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு வளையம் விடல பாரு! நாளைக்கே இன்னொருத்தனுக்குக் குடுக்கலாம்."

சாய்கா அவன் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. கம்பளி போட்டும் போய்விட்டானே, என் கையால் ஆனதைச் செய்தேனே என்ற ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழும்போதும் அதைத்தான் சொல்லி அழுதாள். அந்த நினைப்பு இருந்ததால் சோறு இறங்கியது, கொஞ்சம் தூக்கமும் வந்தது.

வண்டிகள் திரும்பிய ஒன்பதாம் நாள் தார்சா வந்தான். முகாத்ராவின் கூடாரத்திலேயே சின்னவன், பதினெட்டு வயது. கையில் ஒரு மெத்தைச் சட்டை.

"அக்கா, பக்கத்து நாடா அறுந்துபோச்சு. கொஞ்சம் தைச்சுத் தாங்க."

வாங்கியதுமே கனம் கைக்குத் தெரிந்தது. கழுத்துப்பட்டியைத் திருப்பினாள். சிவப்பாக மூன்று தையல்.

"இது உனக்கு எப்படிறா வந்துச்சு?"

"அண்ணன் குடுத்ததுக்கா. குலுக்குனதுல அவருக்குத்தான் ஒரு கீறல் வந்துச்சு. முதல்ல எடுத்தாரு. ஒவ்வொண்ணாக் கழுத்தத் திருப்பிப் பாத்தாரு, இதத்தான் எடுத்தாரு. கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தாரு. எனக்கு எட்டுக் கீறல். திடீர்னு என்னக் கூப்பிட்டு, 'எனக்கு இது இறுக்கமா இருக்குடா, நீ போட்டுக்கோ'ன்னு குடுத்துட்டு, மிஞ்சினத அவரு எடுத்துக்கிட்டாரு."

சாய்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். எட்டையும் முகாத்ராவின் உடம்பு அளவுக்குத்தான் தைத்திருந்தாள். இறுக்கமாம்.

"அண்ணன அடிச்ச அதே தடிக்காரன்தான்கா எனக்கும் போட்டான். கீழ விழுந்தேன், எந்திரிச்சுட்டேன். உங்க தையல்தான் காப்பாத்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்." கொஞ்சம் தயங்கினான். "சாகும்போது அண்ணன் ஒண்ணு சொன்னாரு. இந்தச் சட்டைய எங்க வேணா தைக்கக் குடு, அவகிட்ட மட்டும் கொண்டு போகாதேன்னாரு. ஏன்னு தெரியல. உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு நினைச்சிருப்பாரு. ஆனா உங்க கை மாதிரி வேற யாருக்கு வரும்?"

ஊசியில் நூல் கோக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது. மூலையில், மழையில் கூழாகித் திரும்பி வந்த, அவள் பிரித்துத் திரும்ப அடைக்கவேண்டிய மற்ற ஏழு சட்டைகள் கிடந்தன. பக்கத்திலேயே கெமெல்லுஸ் அன்று காலை இறக்கிவிட்டுப் போன புது மூட்டை, எடையே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நாடாவைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துச் சட்டையை நீட்டினாள்.

"போட்டுப் பாரு. சரியா இருக்கா?"

தார்சா போட்டுக்கொண்டு கையை மேலே தூக்கிப் பார்த்தான்.

"எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்குக்கா."