பத்தில் ஒரு பங்கு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குச் சிப் வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டில் நாற்பது கறுப்புத் துண்டுகள். சின்சூ நகரில் இருக்கும் எங்கள் கம்பெனி, காது கேட்கும் கருவிகளுக்குச் சிப் வடிவமைக்கிறது. வருவதை அளந்து பார்ப்பது என் வேலை. தட்டைத் திறக்கும்போது மான்-ருங் என் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சியூ மான்-ருங்குக்கு நாலு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் பாதி போனது. அன்றிலிருந்து கருவிதான். அவள் வடிவமைப்பது அவளே மாட்டிக்கொள்ளப்போகும் பொருளுக்கு. ஒன்றரை வருஷமாக ஒரே ஒரு ஆப்-ஆம்ப்பை, அதாவது மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் சுற்றைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன் பெருக்கம் ஒரு லட்சம் மடங்கு இருக்க வேண்டும். பட்டாணி அளவு பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரமோ பழைய ஆப்-ஆம்ப் எடுத்ததில் கால் பங்குதான் இருக்க வேண்டும். மின்சாரத்தைக் குறைத்தால் இரைச்சல் ஏறும். பெருக்கத்தைக் கூட்டினால் அது தானாகவே ஊளையிடும். கடைசியில், மேல் டிரான்சிஸ்டரில் உழைத்துவிட்டு இறங்கும் அதே மின்சாரத்தைக் கீழ் டிரான்சிஸ்டரிலும் வேலை வாங்கி, கணினியில் சாதித்துவிட்டாள்.

அவள் போட்ட சுற்றைச் சிலிக்கானில் இம்மி பிசகாமல் படுக்கவைத்தவர் பெங் அக்கா. இருபது வருஷமாக லேஅவுட் வரைகிறவர். அவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதலில் மின்சாரம். கச்சிதமாகக் கால் பங்கு. பெங் அக்கா கை தட்டினார். அடுத்து, சிப்பின் வெளிவாயில் அளவு ஊசியான ப்ரோபை வைத்துப் பெருக்கத்தை அளந்தேன்.

பத்தாயிரம்.

"ஒரு சைபர் விட்டுட்டியா?" என்றாள் மான்-ருங்.

"விடல. பத்தாயிரம்தான்."

இன்னொரு துண்டு. பத்தாயிரம். மூன்றாவதும் அதே. மான்-ருங்கின் முகம் சுருங்கிப்போனது.

"அக்கா, அந்த ரெண்டு டிரான்சிஸ்டரையும் ஒட்டி வைக்கச் சொன்னேனே. தள்ளி வச்சுட்டீங்களா?"

"யாரு, நானா? நீ ஏழு தடவ மாத்தின, நான் ஏழு தடவயும் முகம் சுளிக்காம வரைஞ்சேன். இப்ப என் தலையில போடுறியா?"

"அப்ப வேற எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா?" என்ற பெங் அக்கா, மெஷின் சமர்த்தாக நடக்கட்டும் என்று ராசிக்காக அளவுக் கருவியின் மேல் நாங்கள் வைத்திருக்கும் பச்சை நொறுக்குப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதோ பாரு! போன மாசமே தேதி முடிஞ்சிருக்கு. மெஷின் எப்படிடா அடங்கி நடக்கும்? ஃபான், இதக்கூடப் பார்க்க மாட்டியா?"

ஓடிப்போய்க் கீழ்த்தளக் கடையில் புதுப் பொட்டலம் வாங்கி வந்து வைத்தேன். பத்தாயிரம் அசையவில்லை.

மதியம் அரிசிச் சேமியாவும் இறைச்சி உருண்டை சூப்பும் சாப்பிட்டோம். மூவரும் ஒரே மேசை. பெங் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தன் உருண்டைகளில் ஒன்றை எடுத்து மான்-ருங்கின் கிண்ணத்தில் போட்டார். அவளும் அதைத் தின்றாள்.

திரும்பி வந்ததும் எனக்கு என் ப்ரோப் மீதே சந்தேகம் வந்தது. ஒருவேளை பழுதோ? சரிபார்க்க அதே இடத்தில் இன்னொன்றையும் சேர்த்து வைத்தேன். பெருக்கம் ஐயாயிரத்துச் சொச்சமாக இறங்கியது.

"இங்க வந்து பாருங்களேன். ரெண்டு ப்ரோப் வச்சா பாதியாயிடுது."

மான்-ருங் திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நாற்காலியில் பொத்தென்று விழுந்து, ஆய்வகம் அதிரச் சிரித்தாள்.

"ஃபான்! திருடன் நீதான்டா! இந்த ஆப்-ஆம்ப் விடுற மின்சாரம் துளித் துளி. உன் ப்ரோப் அதையும் உறிஞ்சிக் குடிக்குது. சிப்புக்குள்ள அடுத்த சுற்று எதையும் குடிக்காது, அதனால அங்க ஒழுங்காத்தான் இருக்கும்!"

எனக்குக் காது வரை சூடேறியது. பத்து வருஷ அனுபவம்! அலமாரியிலிருந்து பழைய பலகை ஒன்றை எடுத்தேன். தொட்டாலும் மின்சாரம் இழுக்காத ஒரு இடைப் பெருக்கி அதில் உண்டு. சிப்புக்கும் ப்ரோபுக்கும் நடுவில் அதைப் பற்றவைத்தேன். மூன்றரை மணிக்கு விசையைப் போட்டேன்.

ஒரு லட்சத்து நாலாயிரம்.

மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பெங் அக்கா மட்டும் சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரோ என்னைக் குத்தம் சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"மன்னிச்சுக்குங்க அக்கா," என்றாள் மான்-ருங்.

பெங் அக்கா காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "என்னது? காதுல விழலயே!"

"அக்கா, அது என் வசனம்!" என்று மான்-ருங் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் பங்குக்கு நான், எட்டிப் பார்த்தவர்களையும் சேர்த்து, ஏழு பேருக்குப் பால் டீ வாங்கிக் கொடுத்துத் தப்பித்தேன்.

அந்தச் சிப்புக்குள் அப்படி முப்பது ஆப்-ஆம்ப். இலையுதிர் காலத்தில் அதை வைத்துச் செய்த முதல் கருவி வந்தபோது, பேட்டரி நாலு நாளுக்குப் பதில் ஒன்பது நாள் தாங்கியது. அதுவரை மான்-ருங் வீட்டுக்குப் போனதும் பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கருவியை அணைத்துவிடுவாளாம். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. இப்போது தூங்கும் வரை அணைப்பதில்லை. கம்பெனி விருந்துக்கு வந்த அவளுடைய ஆறு வயது மகள் என்னிடம் ரகசியமாக முறையிட்டாள்.

"மாமா, நீங்க என்னத்த செஞ்சு குடுத்தீங்க? அடுத்த ரூம்ல மிட்டாய் பிரிச்சாக்கூட அம்மாவுக்குக் கேக்குது!"

மேசையின் மறுகோடியிலிருந்து மான்-ருங் தலையைத் தூக்கினாள்.

"இதுவும் கேட்டுச்சு."